மாமன் கட்டு

கண்ணு, இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து சேர்வதற்குள் நம் ஆட்களில் யாராவது உனக்குப் போன் போட்டிருப்பார்கள். "உங்கம்மா உன்ற மாமனைச் சம்பந்தி ஊட்டுக்காரங்க முன்னாடி உக்கார வெச்சு மானத்த வாங்கிப்போட்டா" என்று சொல்லியிருப்பார்கள். அவர்கள் சொன்னது உண்மைதான். ஒன்றை மட்டும் தப்பாகச் சொல்லியிருப்பார்கள். நான் ஏதோ கோபத்தில் வாய் தவறிவிட்டதாகச் சொல்லியிருப்பார்கள். அப்படி இல்லை. யோசித்து, நாள் பார்த்து, அவனுக்குப் பிடித்த சுக்குக் காபியைப் போட்டுக் கொடுத்து, நிதானமாகத்தான் செய்தேன். உன் அப்பா அன்றிலிருந்து என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சாப்பிடும்போது "குழம்பு" என்கிறார், "ரசம்" என்கிறார், அவ்வளவுதான். பரவாயில்லை. நடந்தது முழுவதையும் என்னிடமிருந்தே நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன். போனில் சொன்னால் நடுவிலேயே "சரிம்மா, விடும்மா" என்று என் வாயை அடைத்துவிடுவாய். கடிதத்தின் வாயை அடைக்க முடியாது.

கல்யாணப் பேச்சு முடிவானதும் நீ சொன்ன வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது. "மாமாவே கையைப் பிடிச்சு மேடைக்குக் கூட்டிட்டு வரட்டும்மா. பழசெல்லாம் எதுக்கு" என்றாய். தாய்மாமன் கைப்பிடித்து அழைத்து வந்தால்தான் நம் பக்கத்தில் அது கல்யாணம், எனக்குத் தெரியும். மாமன் சீர் வராத பெண்ணை ஊர் ஒரு மாதிரி பார்க்கும், அதுவும் தெரியும். உன் அப்பாவும் "ஆறுன கஞ்சி பழங்கஞ்சி, உடு புள்ள" என்றார். ஆறினால்தானே பழங்கஞ்சி? ஆறிவிடக் கூடாது என்று நான் அடுப்பிலேயே வைத்திருந்தேன். உன் இடது தோளுக்குக் கீழே எலும்பு ஒட்டிய இடத்தில் ஒரு மேடு இருக்கிறதே, உனக்கு ரவிக்கை அளவெடுக்கும்போதெல்லாம் என் டேப் அந்த மேட்டில் ஏறி இறங்கும். அந்தத் தோளை அப்படி ஆக்கியவன் அதே கையைப் பிடித்து உன்னை அழைத்து வருவதா? யாரைக் கேட்டு?

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் பிறவியிலேயே கெட்டவன் இல்லை. நீ விமானப் படிப்புப் படிக்கப் போகிறேன் என்றபோது உன் அப்பாவே தயங்கினார். "எம்பட மருமக படிக்கட்டும்" என்று சொன்னது அவன்தான். மூன்றாம் வருஷ லீவில் வந்து, இரண்டு பேர் உட்காரும் சிறிய விமானம் ஒன்றை நாமே செய்யலாம் என்று நீ வரைபடத்தை விரித்தபோது, நம் மலையிலேயே ஆலத்தூர் நாட்டுப் பக்கம் இருந்த தன் மிளகு குடோனில் பாதியைக் காலி செய்து கொடுத்தான். பழைய எஞ்சின் ஒன்றை எங்கிருந்தோ வாங்கி வந்தான். இறக்கைக்குத் துணி தைத்தது நான். ஜாக்கெட்டும் பள்ளிக்கூடச் சீருடையும் தைத்த மிஷினில் இறக்கை தைத்தேன் என்று இந்த மலையில் சொல்லிக்கொள்ள என்னை விட்டால் வேறு யார்? நீ விமானம் என்பாய், ஊர் ஏரோப்பிளேன் என்றது, உன் மாமன் "வண்டி" என்பான். அந்த மாதங்களில் நாம் மூன்று பேரும் சந்தோஷமாக இருந்தோம். அதனால்தான் எனக்கு வயிறு இன்னும் அதிகமாக எரிகிறது. அயலான் செய்திருந்தால் சபித்துவிட்டு மறந்திருப்பேன்.

பிரேக் குழாய் விஷயத்தை நீ எனக்குப் புரிகிற மாதிரி சொல்லித் தந்தாய். பெடலை மிதித்தால் எண்ணெய் ஒரு மெல்லிய குழாய் வழியாகச் சக்கரத்துக்குப் போய் பிரேக்கைப் பிடிக்கும். விமானத்தின் வயிற்றிலிருந்து சக்கரம் வரை இறங்குகிற எஃகுக் கால், தரையில் ஓடும்போது ஒவ்வொரு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் அகலும், குறுகும். குழாயும் அந்தக் காலோடு சேர்ந்தே போக வேண்டும். அதற்காகக் காலில் துளை போட்டுவிடக் கூடாது, துளையிலிருந்துதான் விரிசல் தொடங்கும். அதனால் ரப்பர் வைத்த கிளாம்புகளைக் காலைச் சுற்றிச் சாணுக்கு ஒன்றாகப் போட்டு, குழாய் இம்மி நகராமல் பிடிக்க வேண்டும். சக்கரத்தின் கிட்டே, கடைசியில் மட்டும், ஒரு சின்ன வளைவு விட வேண்டும். "ரவிக்கையில கம்கட்டுல, கையத் தூக்கற எடத்துல மட்டும் துணி உடறயில்லம்மா, அது மாதிரி. எல்லா எடத்துலயும் உட்டா தொளதொளன்னு ஆயிரும்" என்றாய். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. உன் மாமனுக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள அவன் விரும்பவில்லை என்பதுதான் சரி.

மிளகுக் கொடியை மரத்தோடு சேர்த்துக் கட்டுவதில் அவனுக்கு அப்படி ஒரு கர்வம். கொடியை இறுக்கிக் கட்டினால் தண்டு பருக்கும்போது கயிறு உள்ளே இறங்கிக் கொடியையே அறுத்துவிடும். அதனால் முடிச்சுக்குள் ஒரு விரல் நுழைகிற அளவு இடம் விட வேண்டும். கூலியாட்கள் கட்டிய ஒவ்வொரு கட்டிலும் அவன் தன் விரலை விட்டுப் பார்ப்பான். நுழையாவிட்டால் அவிழ்த்து வீசுவான். அதே புத்தியோடு குடோனுக்குள் வந்து, "எதுக்குக் கண்ணு இந்தக் கிளாம்பு கிளாம்புன்னு காத்துக் கெடக்கற? நம்ம கொடிக்கட்டுப் போட்டா ஆயுசுக்கும் நிக்கும். எதையும் இறுக்கக் கூடாது, மூச்சு உடோணும்" என்றான். நீ சிரித்துக்கொண்டே, "மாமா, கொடி வளரும். குழாய் வளராதுங்களே" என்றாய். அங்கே நின்ற ஆட்களும் சிரித்துவிட்டார்கள். உன் மாமனும் சிரித்தான். ஆனால் அவன் காது மடல் சிவந்துபோனதை நான் கவனித்தேன். சின்ன வயதிலிருந்தே அவன் கோபம் முதலில் காதில்தான் தெரியும்.

கிளாம்பு வரவில்லை. மலைக்கு ஏறி வரும் பார்சல் எப்போதும் ஆடி அசைந்துதான் வரும். குழாயை மாட்டி, எண்ணெய் ஊற்றி, பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்து, கட்டுகிற வேலையை மட்டும் பாக்கி வைத்துவிட்டு, "நான் வந்து போட்டுக்கறேன், யாரும் தொடாதீங்க" என்று சொல்லி நீ கடைசித் தேர்வுக்குப் போனாய். மலை அடிவாரத்தில் புளியஞ்சோலைப் பக்கம் வாங்கிப் போட்டிருந்த தரிசை அவன் சமன் செய்து, வண்டியை ஓட்டிப் பார்க்கப் பாதை போட்டு வைத்திருந்தான். பறப்பதற்கு இல்லை, அதற்கு அனுமதி வாங்க வேண்டியிருந்தது. தரையில் ஓட்டிப் பார்க்க மட்டும்தான். அதற்கே அவன் மிளகு வியாபாரிகளையும் சொந்தக்காரர்களையும் கறிச் சோறு போடுகிறேன் என்று அழைத்துவிட்டான். உனக்காக நாளைத் தள்ளி வைப்பது அவனுக்குக் கௌரவக் குறைச்சல். இறக்கையைத் தனியாகக் கழற்றி என் பழைய சேலைகளில் சுற்றி, மினி லாரியில் ஏற்றி, கொண்டை ஊசி வளைவுகளில் இறக்கி, மலையைச் சுற்றிக்கொண்டு அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தான்.

நீ தேர்வு முடித்து நேராக அங்கேதான் வந்தாய். சக்கரக் காலின் மேல் போடும் மெல்லிய உறை இரண்டு பக்கமும் பூட்டியாகி இருந்தது. "கிளாம்பு வந்துருச்சுங்களா மாமா?" என்று கேட்டாய். "எல்லாம் ஆச்சு கண்ணு, ஏறு" என்றான். வந்ததா என்று கேட்டால் வந்தது, வரவில்லை என்றுதான் பதில் இருக்க முடியும். எல்லாம் ஆச்சு என்பது பதிலே இல்லை. அன்று அது உனக்கும் உறைக்கவில்லை, பக்கத்தில் நின்ற எனக்கும் உறைக்கவில்லை. காலையில் மெதுவாக ஓட்டியபோது எல்லாம் நன்றாக இருந்தது. சாப்பாட்டுக்கு முன்னால், எல்லாரும் பார்க்கட்டும் என்று அவன் சொல்ல, வேகமாக ஒரு ஓட்டம் ஓட்டினாய். பாதையின் மறு முனையில்தான் கூட்டம் நின்றது. பிரேக்கை மிதித்தபோது இடது பெடல் சேற்றுக்குள் போவது போலப் போய்விட்டது என்று பிறகு சொன்னாய். வலது பிரேக் மட்டும் பிடித்தது. நீ அதை வைத்தே வண்டியை ஆட்கள் இல்லாத பக்கம் திருப்பினாய். வரப்பில் மோதி, மரவள்ளிக் காட்டுக்குள் தலைகுப்புறக் கவிழ்ந்தது.

நான் ஓடி வந்தேன். ஆண்கள் உன்னை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார்கள். உன் மாமன் உன் பக்கம் வரவில்லை. இடது சக்கரத்தின் பக்கம் குந்தியிருந்தான். உறை பெயர்ந்து கிடந்தது. இடுப்பில் எப்போதும் செருகியிருக்கும் கத்தியால், கிளாம்புக்குப் பதிலாகக் குழாயில் கட்டியிருந்த நைலான் கயிறுகளை ஒவ்வொன்றாக அறுத்து, குழாயையும் பிடுங்கி, துண்டுக்குள் சுருட்டினான். என் கண்ணால் பார்த்தேன். அவன் வேட்டியில் சிவப்பாகப் பட்டிருந்தது. விமானத்துப் பிரேக் எண்ணெய் சிவப்பு என்று குடோனில் அதைத் துடைத்துத் துடைத்து எனக்குத் தெரியும். "அண்ணா, அதென்ன கையில?" என்று கத்தினேன். "புள்ள ரத்தம் அம்மிணி" என்றான். அவன் உன்னைத் தொடவே இல்லை, கண்ணு. உன் உடம்பில் அன்று ஒரு சொட்டு ரத்தம் வெளியே வரவில்லை. எலும்புதான் உள்ளே முறிந்திருந்தது. அந்த ஒரு பொய்யை நான் சாகும் வரை மன்னிக்க மாட்டேன். கட்டியது தெரியாமல் செய்த தப்பு, போகட்டும். இது தெரிந்து செய்தது.

அதற்குப் பிறகு அவன் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான்: "பொட்டப்புள்ளைக்குக் காலு எட்டல. பயத்துல ஒத்தப் பக்கமே மிதிச்சுப்போட்டா. வேல பூராவும் அவ பார்த்ததுதானுங்க, நான் எதையுந் தொடல." எந்த ஆட்களின் மேல் ஏறாமல் நீ வண்டியைத் திருப்பினாயோ, அதே ஆட்கள் தலையை ஆட்டினார்கள். நான் சும்மா இருக்கவில்லை. கட்டியது நீ, அறுத்தது நீ என்று அவன் சட்டையைப் பிடித்துக் கேட்டேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று சொல்லி என்னைத்தான் இழுத்துப் பிடித்தார்கள். ஆஸ்பத்திரியில் நீ ஒன்றே ஒன்று சொன்னாய்: "உறையைத் திறந்து பார்க்காம ஏறுனது என் தப்பும்மா." அது உன் தப்புதான். நான் இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் உன் தப்பு உன் எலும்போடு போயிற்று. அவன் தப்புக்கு உன் பெயர் போயிற்றே, அதற்கு என்ன கணக்கு?

உன் பெயர் எப்படிப் போயிற்று என்று உனக்கு நான் முழுதாகச் சொன்னதில்லை. நீ ஊரைவிட்டுப் போன பிறகும் இந்த மலையில் ஜீப்பை யாராவது தாறுமாறாக ஓட்டினால், "என்னடா, ஏரோப்பிளேன் புள்ள மாதிரி ஓட்டற" என்பார்கள். என் தையல் கடை வாசலிலேயே சொல்வார்கள். நான் உள்ளே இருப்பது தெரிந்தால் நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். நீ இன்று சிறு விமானங்களைப் பழுது பார்க்கும் இடத்தில், உன் கையெழுத்து இல்லாமல் வண்டி வெளியே போகாது என்கிற வேலையில் இருக்கிறாய். அது இங்கே யாருக்கும் தெரியாது. பொங்கலுக்கு வந்தால்கூடப் பேருந்தில் ஜன்னல் ஓரம் உட்காராமல், தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு வந்து இறங்குவாய். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு ஒரு நாள் வைக்கிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். தெய்வத்துக்கு ஆயிரம் வேலை இருக்கும், நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

எஞ்சினை அவன் விற்றுவிட்டான். இடது சக்கரக் காலைச் சக்கரத்தோடு பழைய இரும்புக்குப் போடப் போனபோது, "ஞாபகத்துக்கு வெச்சுக்கறேன் அண்ணா" என்று கேட்டு வாங்கி வந்தேன். அது இத்தனை வருஷமாக என் வெட்டு மேசைக்கு அடியில்தான் கிடந்தது. போன மழைக்காலத்தில் உன்னிடம் கிளாம்பும் குழாயும் அனுப்பச் சொன்னேனே, "சும்மா ஆசைக்கு மாட்டிப் பார்க்கறேன்" என்று, அது ஆசைக்கு இல்லை. வீடியோவில் ஒவ்வொன்றாகக் காட்டி, இப்படி இறுக்கும்மா, அப்படித் திருப்பும்மா என்று சொல்லித் தந்தாய். உன் முகத்தில் அன்று இருந்த சந்தோஷத்தைப் பார்த்து, எதற்கென்று சொல்லாமல் இருக்கிறோமே என்று கொஞ்சம் குறுகுறுத்தது. சொல்லியிருந்தால் நீ அனுப்பியிருக்க மாட்டாய்.

மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் உன்னை நீ வேலை பார்க்கும் ஊரிலேயே பார்த்துவிட்டார்கள். நம் வீட்டைப் பார்த்து வைகாசியில் ஒரு நாள் குறிக்க மலை ஏறி வந்தார்கள். நம் திண்ணனூர் நாட்டுப் பெரியவர்கள் நான்கைந்து பேர் இருந்தார்கள், புளியஞ்சோலையில் அன்று கறிச் சோறு தின்றவர்கள்தான், பார்த்துத்தான் அழைத்தேன். தாய்மாமன் என்கிற தோரணையில் உன் மாமன் நடுவில் உட்கார்ந்திருந்தான். முதல் நாளே ஜீப் மெக்கானிக்கை வைத்து, அந்தச் சக்கரக் காலை மேசை ஓரத்தில் பொருத்தி, சக்கரம் தரையில் படாமல் சுற்றும்படி செய்து, குழாயை மாட்டி வைத்திருந்தேன். உன் அப்பா பார்த்துவிட்டு, "வேண்டாம் புள்ள. சம்பந்திங்க முன்னாடி குடும்பச் சண்டையை விரிச்சுப் போட்டா எந்திரிச்சுப் போயிருவாங்க" என்றார். அவர் சொன்னது சரி. உன் கல்யாணத்தையே பணயம் வைத்தேன், கண்ணு. நீ இதற்கு என்னைத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் உன்னைப் பற்றி ஒரு பொய்யை நம்பிக்கொண்டு உன்னை யாரும் மருமகளாக ஏற்றுக்கொள்ள வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது. என்றைக்காவது உன்னை ஒரு சொல் சொல்ல அது அவர்கள் கையில் இருக்கும்.

சம்பந்திக்கு வண்டி வாகனம் என்றால் ஆசை போலிருக்கிறது. வந்ததும் அதைத்தான் பார்த்தார். "இது என்னதுங்க?" என்றார்.

"உங்க மருமக ஓட்டுன ஏரோப்பிளேன் காலுங்க. எங்கண்ணன் குடோன்ல செஞ்சது. பாதிக்கு மேல எங்கண்ணன் கைவேலதானுங்க" என்றேன். உன் மாமனைப் பார்த்து ஒரு சிரிப்பும் சிரித்தேன். இத்தனை வருஷத்தில் நான் அவனைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

தவளை தன் வாயால் கெடும் என்பது பொய்யில்லை. அவன் முதலில் கூச்சப்படுகிற மாதிரி காபியை ஊதினான். பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். "ஆமாங்க. புள்ள படிச்சது ஏட்டுல. வேல பூராவும் நாந்தானுங்க" என்றான். மூலையில் இருந்த பெரியவர் ஒருவர் வெற்றிலை மடிப்பதை நிறுத்தினார்.

"இந்தப் பிரேக்குக் கொழாயக் கட்டுனதும் நீதான அண்ணா? எப்படிக் கட்டுனேன்னு சம்பந்திக்கு ஒருக்காக் காட்டு" என்று நைலான் கயிற்றை நீட்டினேன்.

அவன் என்னைப் பார்த்தான். காது மடல் லேசாகச் சிவந்தது. வேண்டாமென்று அவன் அப்போது எழுந்து போயிருந்தால் நான் தோற்றிருப்பேன். ஆனால் சம்பந்தி, "கட்டுங்க மச்சான், நாங்களும் தெரிஞ்சுக்கறோம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பார்க்க ஆள் இருந்தால் உன் மாமனால் சும்மா இருக்க முடியாது. எழுந்து வந்து கட்டினான். மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று, அழகான கட்டு, குறை சொல்ல முடியாது. ஒவ்வொன்றிலும் விரலை விட்டுக் காட்டினான். "இறுக்கக் கூடாதுங்க. ஒரு விரலு போவோணும். மூச்சு உடோணும்" என்றான்.

"மண்ணுல ஓடற மாதிரி கொஞ்சம் ஆட்டிப் பாக்கறீங்களா சம்பந்தி?" என்றேன். அவர் விளையாட்டுப் பிள்ளை மாதிரி எஃகுக் காலைப் பிடித்துக் குலுக்கினார். குழாய் கட்டுகளுக்குள் வழுக்கிக்கொண்டு கீழே கீழே வந்தது. சக்கரத்துக்குப் பக்கத்தில் தொப்பை மாதிரி வந்து தொங்கியது. சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டேன். சர்ர், சர்ர் என்று சத்தம் வந்தது. சம்பந்தியம்மாதான் குனிந்து பார்த்துவிட்டு, மனசில் எதுவும் இல்லாமல் கேட்டார்: "ஏனுங்க, கொழா டயர்ல ஒரசுதுங்களே. பிஞ்சு போவாதுங்களா?"

"பிஞ்சுதானுங்க போச்சு" என்றேன்.

வெற்றிலைப் பெரியவர் உன் மாமனைப் பார்த்து, "அன்னிக்கு நீ எதையுந் தொடலீன்னு சொன்னியேப்பா?" என்றார். அப்போதுதான் நான் எல்லாவற்றையும் சொன்னேன். கத்தவில்லை. கத்திரிக்கோலை எடுத்து அவன் கட்டுகளை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டே சொன்னேன். உறை, கத்தி, துண்டு, வேட்டியில் சிவப்பு, "புள்ள ரத்தம்" எல்லாம். பிறகு நீ அனுப்பிய கிளாம்புகளை நீ சொல்லித் தந்தபடி சாணுக்கு ஒன்றாகப் போட்டு இறுக்கி, "இது எம்பட புள்ள கட்டறதுங்க. இப்ப ஆட்டுங்க" என்றேன். சம்பந்தி பலம் கொண்ட மட்டும் ஆட்டினார். மேசைதான் நகர்ந்தது, குழாய் நகரவில்லை. சக்கரத்தைச் சுற்றினேன், சத்தமே இல்லை. சம்பந்தியம்மா வெகுநேரம் அந்தச் சக்கரம் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், "ஆளுங்க இல்லாத பக்கமாத் திருப்புனது புள்ளதானுங்களா?" என்று கேட்டார். ஆமாங்க என்றேன். "அப்ப வைகாசி வரைக்கும் எதுக்குங்க, முன்னாடியே நாள் பாக்கலாமுங்க" என்றார். நான் போய்க் காலண்டரை எடுத்து வந்தேன்.

உன் மாமன் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனான். வாசலில் செருப்பைத் தேடும்போது இடது செருப்பை வலது காலில் போட்டுப் பார்த்துத் தடுமாறினான். அண்ணன் அல்லவா, அந்த நேரத்தில் எனக்குப் பரிதாபம் வந்தது. வந்த வழியே போயும் விட்டது. எனக்கு இனித்தது என்பதை மறைக்க மாட்டேன். பழி வாங்கினால் மனசு வெறுமையாகிவிடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். யார் சொன்னார்களோ, அவர்கள் சரியாக வாங்கியிருக்க மாட்டார்கள். அன்று நான் நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கினேன். மூன்றாம் நாள் என் கடை எதிரே ஜீப்பில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவன், கயிறு கட்டியவனைப் பார்த்து, "டேய், மாமன் கட்டுக் கட்டாத, இறுக்கிக் கட்டு" என்றான். எழுந்து போய் அவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். ஏன் என்று பாவம் அவனுக்குத் தெரியவில்லை.

நீ வாழப் போகிற பெண், இரண்டு வார்த்தை சொல்ல வேண்டியது என் கடமை. யார் பூட்டிய உறையானாலும், மாமன் பூட்டினாலும் நாளை உன் மாமியார் பூட்டினாலும், திறந்து பார்த்துவிட்டு ஏறு. திறந்தால் மனசு நோகுமே என்று பார்க்காதே. அவர்கள் மனசு ஆறும், எலும்பு அப்படி இல்லை. இரண்டாவது, மன்னிப்பு. நீ போனில் சுலபமாகச் சொல்லிவிட்டாய். தான் என்ன செய்தோம் என்று ஒருவன் வாய்விட்டுச் சொல்வதற்கு முன்னால் அவனை மன்னித்தால், அவன் அதை உன் பயம் என்றுதான் எடுத்துக்கொள்வான். உன் மாமன் இத்தனை வருஷமும் அப்படித்தான் எடுத்துக்கொண்டான். "கண்ணு ஒண்ணும் மனசுல வெச்சுக்கலயே" என்று கல்யாணம், கருமாதி எல்லாவற்றிலும் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

நேற்றுக் காலையில் கடைக்கு வந்தான். ஷேவ் செய்யவில்லை. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, நான் நிறுத்தவில்லை. "அம்மிணி, சீரு நாந்தான கொண்டாரோணும்?" என்றான். "என்னையக் கேக்காத. அவ முன்னாடி நின்னு, கட்டுனது நான், அறுத்து மறச்சதும் நான்னு உன்ற வாயால சொல்லு. அப்பறம் அவ சொல்றதுதான்" என்றேன். தாடையைத் தடவிக்கொண்டே, "எந்த பஸ்ல வாரா?" என்று கேட்டான். நான் சொல்லிவிட்டேன். அதனால் வெள்ளிக்கிழமை நீ வந்து இறங்கும்போது அவன் அங்கே நிற்பான். ஊரும் நிற்கும், இந்தச் சங்கதி தெரிந்து யார் வீட்டில் இருப்பார்கள்? எனக்குச் சேர வேண்டியதை நான் எடுத்துக்கொண்டேன். உனக்குச் சேர வேண்டியதைத் தொடவில்லை, அப்படியே வைத்திருக்கிறேன். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, பழக்க தோஷத்தில் உன் பையைத் தூக்கக் கை நீட்டுவான். கொடுப்பதும் கொடுக்காததும் உன் இஷ்டம், கண்ணு. நானாக இருந்தால் கொடுக்க மாட்டேன்.